இல்லாத உப்பு பத்து மூட்டை

உ

வவுனியா,
11.11.2000, சனிக்கிழமை

அன்புள்ள மச்சாள் பிரேமிளா அறிவது,

பிள்ளையார் கிருபையால் நானும் உம்முடைய அண்ணரும் இங்கு குறைவின்றி இருக்கிறோம். கொழும்புச் சாப்பாட்டில் மெலிந்துபோன உம்முடைய உடம்புக்காகவும் விளக்கு வைக்கும்போது நேர்ந்து கும்பிட்டுக்கொள்கிறேன். நீர் கொடுத்தனுப்பிய சாம்பிராணி வந்து சேர்ந்தது. வாசம் நல்லது, புகை காணாது.

நிற்க. இந்தக் கடிதத்தை வாசித்தவுடன் உம்முடைய முதலாளியிடம் ஓட வேண்டிவரும். ஆனபடியால் முதலில் செருப்பைப் போட்டுக்கொண்டு மிச்சத்தை வாசியும்.

ஆவணியில் நீர் வந்து எங்கள் மொத்த வியாபாரக் கடைக் கம்பியூட்டரில் பூட்டிவிட்டுப் போனீரே, அந்தச் செயற்கை அறிவைப் பற்றித்தான் எழுதுகிறேன். முந்தி அந்தக் கணக்குப் புரோகிராம் நாங்கள் தட்டியதைக் கூட்டிக் கழித்துக் காட்டியது, அவ்வளவுதான். இப்போது அது விற்பனையைப் பார்த்துத் தானாகவே படித்து, அடுத்த கிழமை எதை எவ்வளவு வாங்க வேண்டும் என்று திங்கட்கிழமைதோறும் தாளில் அச்சடித்துத் தரும் என்றீர். நவம்பர் இருபதாம் திகதிக்குள் எங்கள் கடை அதை நல்லது என்று எழுதிக் கொடுத்தால் உம்முடைய கொம்பனி அதை எல்லாக் கடைகளுக்கும் கொடுத்து உம்மைப் பொறுப்பாக வைக்கும், கெட்டது என்று எழுதினால் அந்தப் பகுதியையே மூடிவிட்டு உம்மைப் பழையபடி பில் தட்ட விடும் என்றும் சொன்னீர். அன்றிலிருந்து கடைச் சாமியறையில் அதற்கும் ஒரு பூ வைத்து வருகிறேன்.

முதல் பிழை வாணி பூசையில் நடந்தது. தராசு, கொப்பி எல்லாவற்றையும் சரஸ்வதிக்கு முன்னால் வைத்த நாங்கள் கம்பியூட்டரை மட்டும் எப்படி விடுவது? பட்டுத்துணியால் மூடி, சந்தனப் பொட்டும் வைத்து, விஜயதசமி வரை மூன்று நாளும் ஒருவரும் தொடவில்லை. கடலை மட்டும் மூட்டை மூட்டையாகப் போனது. ஆனால் பூசையில் இருப்பதைத் தொட்டு எப்படிப் பதிவது? அடுத்த திங்கள் தாளில் "கடலை விற்பனை நின்றுவிட்டது, வாங்க வேண்டாம்" என்று வந்தது. உம்முடைய அண்ணர் கோயில் ஐயர் சொன்னாலும் இரண்டு தரம் யோசிக்கிறவர், தங்கச்சியின் மெஷின் சொன்னால் ஒரு தரமும் யோசிக்கமாட்டார். வாங்கவில்லை. ஐப்பசி வெள்ளிக்குக் கோயில்காரர் கடலைக்கு எதிர்க்கடைக்குப் போனார்கள்.

இது பரவாயில்லை. உப்புத்தான் பெரிய கதை.

பதினாறு வருடமாக இந்தக் கடைச் சாமான் கணக்கை நான்தான் கொப்பியில் எழுதுகிறேன் என்பது உமக்குத் தெரியும். நான் எட்டாம் வகுப்புத்தான், கணக்கெல்லாம் தானாகப் படித்தது. அரிசி, உப்பு, மஞ்சள், குங்குமம் முடிந்தால் நாங்கள் வாயால் இல்லை என்று சொல்வதில்லை, "நிறைஞ்சு போச்சு" என்போம். கொப்பியிலும் நான் அந்த நாலுக்கும் சைபர் போட்டதில்லை, ஒரு பிள்ளையார் சுழிதான். உம்முடைய அண்ணர் சுழியைக் கண்டால் மறுநாளே லொறிக்குச் சொல்லிவிடுவார். கம்பியூட்டரில் தேடிப் பார்த்தேன், சுழி போட விசை இல்லை. சைபரைத் தட்டுவதோ, வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்? ஒன்று என்று போடலாம் என்றால், லட்சுமிக்கு முன்னால் ஒரே ஒரு மூட்டை என்பது கஞ்சத்தனமாக இருந்தது. பத்து என்று தட்டினேன். அறிவுள்ள மெஷின் என்று நீர்தானே சொன்னீர்? அண்ணருக்கு விளங்கியது அதற்கும் விளங்கும் என்று நம்பினேன்.

அது என்ன விளங்கிக்கொண்டதென்றால், பத்து மூட்டை உப்புக் கிடக்கிறது, ஒரு பிடியும் விற்கவில்லை, வவுனியாவில் உப்புத் தின்கிறவர்களே இல்லை. முதல் கிழமை "உப்பு போதும்" என்றது. இரண்டாம் கிழமை "உப்பு வாங்க வேண்டாம்" என்றது. மூன்றாம் கிழமை "விலை குறைத்து விற்றுத் தீர்க்கவும்" என்றது. தாள் வரத் தொடங்கியபின் என் கொப்பியைத் திறந்தே பாராத இவர், களஞ்சியத்தையும் எட்டிப் பாராமல், நேற்று விடியவே வாசலில் சோக்கால் எழுதி வைத்தார்: உப்பு மலிவு விற்பனை.

எட்டு மணிக்கு முன்னமே சனம் கூடிவிட்டது. முன்னுக்கு நின்றவர் பஸ் நிலையத்தடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ஏரம்பு அண்ணை.

"பரமு, மூண்டு மூட்டை கட்டு. குறைஞ்ச விலையெல்லே?"

"விமலா, உப்பு மூண்டு மூட்டை!" என்று இவர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"நிறைஞ்சு போச்சப்பா!" என்றேன் நான்.

இவருடைய முகம் மா மாதிரி வெளிறிப் போனது. "என்னப்பா சொல்லுறீர்? பத்து மூட்டை கிடக்கெண்டு தாளில கிடக்கு!"

"அப்ப தாளைக் கிழிச்சுக் குழம்புக்குள்ள போடு. உப்பே வைச்சிருக்காமல் உப்புக்கு விலை குறைக்கிற முதலாளியை இண்டைக்குத்தான் காணுறன். மலிவெண்டு ஏன் எழுதினனீ, சும்மா தாறன் எண்டே எழுதியிருக்கலாம். உனக்கு ஒரு நட்டமும் வந்திராது!" என்றார் ஏரம்பு அண்ணை. சனம் சிரித்த சிரிப்பு எதிர்க்கடைக்கும் கேட்டது. அவர்களும் சிரித்தார்கள். பிறகு உப்பும் விற்றார்கள்.

அந்தக் கோபத்தில் இவர் உம்முடைய முதலாளிக்கு இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதிவிட்டார். "இந்த மெஷின் கண்ணை முழிச்சுக்கொண்டு பொய் சொல்லுகிறது, ஒரு கடைக்கும் கொடுக்க வேண்டாம்" என்று. சேட்டுப் பொக்கற்றில் வைத்திருக்கிறார், திங்கட்கிழமை தபாற்கந்தோர் திறந்தவுடன் போடப் போகிறார். நான் நடந்ததைச் சொன்னேன், பொறும் கேளும்.

"இஞ்சேரப்பா, பத்தைத் தட்டினது நான்தான்."

"எனக்குத் தெரியும். என்ர தங்கச்சிக்காகப் பழியை உம்மட தலையில போடுறீர். உம்மட கணக்கில பதினாறு வருசத்தில ஒரு பிழை வந்திருக்கோ?"

வாழ்நாளில் ஒரு தரம் என்னைப் புகழ்ந்தார், அதுவும் இப்படியான நேரத்தில். நான் என்ன செய்ய?

ஆகையால் கொப்பியின் அந்தப் பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஐப்பசி முழுக்க உப்புக்கு நேரே சுழிதான் இருக்கும். நாளைக்குக் கொழும்பு போகிற விமலேஸ்வரி ரீச்சரிடம் (என்னுடைய பெயர்க்காரி, நம்பலாம்) கொடுத்துவிடுகிறேன். அண்ணரின் கடிதம் போய்ச் சேர முன்னம் இந்தக் கடிதம், கொப்பிப் பக்கம் இரண்டையும் முதலாளிக்குக் காட்டும். மெஷினில் பிழை இல்லை, சொல்லிக் கொடுத்ததைத்தான் படித்தது, பிழையாகச் சொல்லிக் கொடுத்தவள் நான் என்று சொல்லும். இனி சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளதை உள்ளபடி தட்டுவேன் என்று சத்தியம் பண்ணுகிறேன்.

உமக்கு உத்தியோகம் உயர்ந்து, கையோடு நல்ல இடத்தில் ஒரு சம்பந்தமும் பொருந்திவர எல்லாம் வல்ல முருகன் துணை நிற்பாராக.

இப்படிக்கு,
உம்மை மறவாத மச்சாள்,
ப. விமலேஸ்வரி

பி.கு.: முதலாளிக்கு ஒன்றையும் காட்ட வேண்டாம். இப்போதுதான் விளக்கு வைத்த கையோடு இவர், "இண்டைக்கு நானே தட்டுறன், மெஷின்ர பொய்யை உமக்கு முன்னாலயே பிடிச்சுக் காட்டுறன்" என்று வந்து குந்தினார். பச்சையரிசி இன்று மத்தியானத்தோடு முடிந்தது. "அரிசி எவ்வளவப்பா?" என்று கேட்டார். "நிறைஞ்சு போச்சு," என்றேன். சைபருக்கு மேலே விரலைக் கொண்டுபோனார். லட்சுமி படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விரலைச் சாரத்தில் துடைத்தார். பிறகு இருபத்தைந்து என்று தட்டினார். நானாவது பத்தோடு நின்றேன். இப்போது பொக்கற்றிலிருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்துவிட்டு, மெஷின் திறம் என்று புதிதாக ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறார். என்னுடைய சத்தியத்தையும் நீர் பெரிதாக எடுக்க வேண்டாம். மச்சாள், அந்த மெஷினுக்கு நீர் கொடுத்த அறிவு போதும். இனி எங்களைக் கொஞ்சம் சந்தேகப்படவும் அதைப் பழக்கிவிடும்.