அவசரம் சாரின் வரிசை

ஜவ்வாது மலையில் மேகங்களைவிட மெதுவாக நடந்த ஒரே மனிதருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'அவசரம் சார்'. கேலிக்கு வைத்ததல்ல. யார் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான்.

"எவ்ளோ அவசரம்? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

ஒன்று என்றால் தலை போகிற காரியம். பத்து என்றால் நடந்தாலும் சரி, நடக்காவிட்டாலும் சரி.

எண்பதுகளின் தொடக்கத்தில், மலைமேல் நட்சத்திரம் பார்க்கும் நிலையம் ஒன்றில் நான் தட்டச்சராக இருந்தேன். இரவெல்லாம் வானத்தைப் பார்த்தவர்கள் பகலில் தூங்குவார்கள். அதனால் பகல் முழுக்க நாங்கள் யாருடைய கனவுக்குள்ளோ வேலை செய்வதுபோல இருக்கும். தொலைநோக்கியின் வெள்ளைக் குவிமாடம் மூடுபனி மஞ்சுக்குள் மறையும், திரும்ப வரும். சமையல்கட்டில் தட்டு விழுந்தால்கூட யோசித்துத்தான் விழும். நடுவே, குளிரூட்டிய அறையில், பீரோ அளவு கம்ப்யூட்டர் ஒன்று முனகிக்கொண்டிருக்கும். அதற்குப் புரோகிராம் எழுதுவதுதான் அவசரம் சாரின் உத்தியோகம்.

சாப்பிடுவதிலும் அவருக்கு எண் உண்டு. முதலில் அப்பளம், நமத்துவிடும். அடுத்து ரசம், ஆறிவிடும். கடைசியில் வெறும் சோறு. "அது எங்க போவுது?" என்பார். கடிதங்களுக்கும் அதே கதி. அக்கா மகளின் கல்யாணப் பத்திரிகையை அவர் பிரித்தபோது அந்தப் பெண்ணின் குழந்தை தவழ ஆரம்பித்திருந்தது.

இருந்தது ஒரு கம்ப்யூட்டர். என் கணக்கை முதலில் போடு, உன் கணக்கை அப்புறம் போடு என்று விஞ்ஞானிகள் முட்டிக்கொண்டார்கள். அதற்காக அவர் ஒரு புரோகிராம் எழுதினார். பெயர் முன்னுரிமை வரிசை. ரேஷன் கடை வரிசையில் முன்னால் வந்தவர் முன்னால் போவார். இதில் அவசரம் அதிகமுள்ளவர் முன்னால் போவார், எப்போது வந்திருந்தாலும்.

எங்களுக்குப் புரியவைக்க ஒருநாள் எல்லாரையும் படிக்கட்டில் நிறுத்தினார். மேல்படியில் ஒருவர், அதன் கீழே இருவர், அதற்கும் கீழே நால்வர். ஆளுக்கொரு எண். புதிதாக வருகிறவர் அடியில்தான் சேர வேண்டும். தனக்கு நேர் மேலே நிற்பவரைவிடத் தன் எண் சிறியதானால் இடம் மாற்றிக்கொண்டு ஏறலாம்.

"உன் நம்பர் இன்னா?" என்று சமையல்காரரைக் கேட்டார்.

"மூணு சார்."

"மேல கீறவரு?"

"ஏழு சார். ஆனா அவரு ஆபீசருங்க."

"வரிசைக்கு ஆபீசர் தெரியாதுப்பா. ஏறு!"

நாற்பது படி உயரத்திலிருந்து கீழே பார்த்த ஒரு குரங்கு, எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று முடிவு செய்து போய்விட்டது.

அந்த ஐப்பசி மழையில் சாலை அரித்து, பஸ் நின்றுபோனது. மலையிறங்க நிலையத்தின் ஜீப் மட்டும்தான். யார் முதலில் போவது என்ற சண்டை தாங்காமல், ஜீப்பையும் அந்தப் புரோகிராமிலேயே சேர்த்துவிடச் சொன்னார் டைரக்டர். தினமும் காலையில் கம்ப்யூட்டர் ஒரு காகிதம் அச்சடிக்கும். அதன் உச்சியில் யார் பெயரோ அவருக்கு ஜீப்.

ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்ட காளி பக்கத்து மலைக் கிராமத்துச் சாமை விவசாயி. அவன் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை. மலையடிவார ஆலங்காயத்தில் கண் முகாம் போட்டிருந்தார்கள். அது கலைந்தால் டாக்டர்கள் மறுபடி எப்போது வருவார்களோ, யாருக்கும் தெரியாது. அவளோ அடுப்பைக் கையால் தடவிப் பார்த்துப் பற்றவைக்கும் நிலைக்கு வந்திருந்தாள்.

"எவ்ளோ அவசரம் காளி?"

"அவசரம் ஒண்ணும் இல்லீங்க சார். எல்லாரும் போய்ட்டு வரட்டும். அப்பால பாத்துக்கலாம்."

"அப்ப பத்து போடட்டா?"

"போடுங்க சார்."

அந்த மலைக்காரர்களுக்குத் தன் காரியத்தை அவசரம் என்று சொல்வது, பந்தியில் தானே இலை போட்டுக்கொண்டு உட்காருவதுபோல. இது அவசரம் சாரின் புரோகிராமுக்குத் தெரியாது.

மறுநாள் டீசல் வாங்கும் வேலை வந்தது, எண் ஒன்று. அதற்கு மறுநாள் காய்கறி, இரண்டு. பிறகு தொலைநோக்கிக் கண்ணாடி துடைக்கும் பஞ்சு, மூன்று. பிறகு ஒரு பேராசிரியரின் அறுந்த செருப்பு, ஐந்து. எல்லாம் அடியில் சேர்ந்து, காளியின் பக்கவாட்டில் மிதந்து மேலே போயின. அவன் தினமும் காலையில் மஞ்சுக்குள்ளிருந்து வருவான்.

"நம்ம பேரு அதுல கீதா சார்?"

"கீது காளி. கீழ கீது."

சிரித்துவிட்டு மஞ்சுக்குள் போய்விடுவான்.

பத்தாவது நாள் நான்தான் சொன்னேன். "சார், முகாம் நாளையோட முடியுதாம்."

அவர் அன்றைய காகிதத்தை உச்சியிலிருந்து அடிவரை விரல் வைத்துப் படித்தார். "ப்ரோக்ராம் ஒரு தப்பும் பண்லியே" என்று முணுமுணுத்தார். அப்புறம் இன்னும் மெதுவாக, "அதாம்பா தப்பு" என்றார். நடந்து அல்ல, ஓடித்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் போனார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

சேர்த்தது இரண்டே வரி. காத்திருக்கும் ஒவ்வொரு விடியலுக்கும், ஏற்கெனவே காத்திருந்த விடியல்களுக்கும் சேர்த்து, ஒவ்வொருவர் எண்ணிலும் ஒன்று குறையும்.

மறுநாள் காலை ஜீப்பருகே டைரக்டர் பெட்டியோடு நின்றார். மதராஸில் கூட்டம். ஜோலார்பேட்டையில் ரயில் பிடிக்க வேண்டும். கொஞ்சம் தள்ளிக் காளி, மனைவியின் கையைப் பிடித்தபடி.

"உங்களுக்கு ஒண்ணு சார்" என்றார் அவசரம் சார். "காளிக்குப் பூஜ்யம்."

"பூஜ்யமா? அப்படி ஒரு நம்பரே கிடையாதே!"

"நேத்து வரைக்கும் கெடையாது சார்."

"என் ரயில் போயிடும்யா!"

"அந்தம்மாவுக்குக் கண்ணு போயிடும் சார்."

ஜீப் டிரைவர் பீடியைக் கீழே போட்டார். "இன்னா சார் இது? ஆலங்காயம் தாண்டித்தான ஜோலார்பேட்டை? ரெண்டு பேரையும் ஏத்திக்கினு போனா இன்னா?"

பத்து நாளாக யாருக்கும் தோன்றாத யோசனை.

"வரிசைலேர்ந்து ஒரு தடவைக்கு ஒருத்தரத்தான எடுக்க முடியும்..." என்று இழுத்தார் அவசரம் சார்.

"வண்டில எட்டு பேரு ஒக்காரலாம் சார்!"

வளைவுகளில் குமட்டும் என்று காளியின் மனைவி முன்சீட்டில். டைரக்டர் பின்னால், டீசல் டின்களோடு.

கட்டு அவிழ்த்த சில நாட்களில் அவள் நிலையத்துக்கு வந்தாள். தனக்காக ஓடிய அவசரம் சாரைப் பார்க்க வேண்டுமாம். தூரத்தில், மஞ்சோடு மஞ்சாக அவர் வந்துகொண்டிருந்ததைக் காட்டினேன். நெடுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"இவரா ஓடுனாரு?" என்றாள். "கண்ணு இன்னும் செரியா தெரியலீங்க."

இப்போது கதை எழுதும் என் மேசையில், யாரைப் பற்றி எழுதலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. ஒவ்வொரு முறையும் யாராவது அவசரமாக மேலே ஏறிவிடுவார்கள். அவசரம் சாரின் பெயர் வெகுகாலம் அடியிலேயே கிடந்தது. கேட்டிருந்தால் அவரும் பத்து என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவருடைய அந்த இரண்டு வரியை நான் விடவில்லை. வருஷத்துக்கு ஓர் எண்ணாகக் குறைத்துக்கொண்டே வந்தேன்.

இன்று காலை பார்த்தேன். பூஜ்யம்.