அறுபது வாட் மாப்பிள்ளை

எனக்குப் பல்பு வாங்கத் தெரியாது. சட்டை வாங்கத் தெரியாது, கத்தரிக்காய் வாங்கத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் நெய்வேலியில் பிறந்து, அங்கேயே வேலை பார்த்து, ஊர் ஊராகக் கரண்ட் அனுப்புகிற டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வாங்கிக் குடியிருப்பவன் இதைச் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். என் வீட்டில் நாலு வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போது எனக்கு வேலை பெர்மனென்ட் ஆகி ஒரு வருடம். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவு. வயது முப்பத்தொன்று (தரகர் கணக்கில் இருபத்தொன்பது). அப்பா இல்லை, வீட்டில் நானும் அம்மாவும்தான். அதற்குமுன் இரண்டு பெண் வீட்டார் வந்து வீடு பார்த்து, காபி குடித்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். இரண்டாவது இடமும் தட்டிப்போனபோது தரகர் வந்து காரணம் சொன்னார்.

“வூடு இருட்டடிச்சிக் கெடக்குதுன்னு சொல்றாங்க தம்பி.” பிறகு அம்மா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “அப்புறம், ஒங்களுக்கு சக்கரை இருக்குது, ஊசி போட்டுக்கிறீங்க, இதெல்லாம் நீங்களா வாயத் தொறந்து சொல்லாதீங்க. வயசான காலத்துல யாரு பாத்துக்கிறதுன்னு யோசிப்பாங்க.”

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. அடுத்த வரன் கம்மாபுரம் கலைவாணி. போட்டோவைப் பார்த்த அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த இடமும் கைநழுவினால் அது தன்னால்தான் என்று அம்மா மருகிக்கொண்டிருந்தாள். என் மூளையிலோ பல்பு மட்டும்தான் ஏறியிருந்தது.

மந்தாரக்குப்பத்தில் ஒரு எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன். வீட்டில் இருந்தது அப்பா காலத்து அறுபது வாட் குண்டு பல்பு. அதே அறுபதில் எல்.இ.டி. நாலு கேட்டேன்.

“எங்க மாட்டப் போறீங்க?” என்றார் கடைக்காரர்.

“வீட்டுலதான். ஹால், ரூம், கிச்சன், வாசல்.”

“வூட்டுக்கு ஒம்பது வாட் போதும்ங்க. ஹாலுக்கு வேணும்னா பன்னெண்டு. அறுவதெல்லாம் கறிக்கடைக்காரங்க வாங்கிகினு போறது. பழைய அறுவதும் இந்த அறுவதும் ஒண்ணு கெடயாதுங்க.”

ஒன்பதா? எங்கள் வீட்டுப் பாத்ரூமுக்கே நாற்பது. தவிர, நைட் ஷிஃப்ட்டில் சுரங்கத்தையே பகலாக்கும் லைட்டுகளுக்குக் கீழே வேலை பார்த்துப் பழகிய கண் எனக்கு. “அண்ணே, நான் மைன்ஸ்ல இருக்கேன். கரண்டப் பத்தி எனக்கே சொல்றீங்களா?” என்று கேட்டேன். (கரண்டுக்கும் எனக்கும் இருந்த ஒரே தொடர்பு, பெல்ட் ஓடுவதற்குப் பச்சைப் பட்டனை அழுத்துவது.) அவர் நாலு பல்பு எடுத்து வைத்தார். ஒவ்வொன்றும் உரித்த தேங்காய் அளவு இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கலைவாணி வீட்டார் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே நாலையும் மாட்டினேன். பழைய பல்புகள் காலையிலேயே குப்பைக்குப் போய்விட்டன. அம்மா, “ஒரு தடவ போட்டுப் பாரேன்டா” என்றாள்.

“பட்டப்பகல்ல எதுக்கும்மா? அவங்க வாசப்படி ஏறும்போது போடறேன் பாரு.”

சாயங்காலம் ஒரு மழை பெய்து ஓய்ந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கலைவாணியின் அப்பாவும், அவருடைய அக்காவும் வந்தார்கள். அந்த அத்தைதான் முடிவு சொல்கிறவர் என்று தரகர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். கலைவாணியின் அப்பா வலது காலைத் தூக்கி வாசற்படியில் வைத்தார். நான் “வாங்க, வாங்க” என்றபடி எல்லா சுவிட்சையும் தட்டினேன்.

வைத்த வலது காலை அவர் அப்படியே பின்னால் எடுத்துவிட்டார்.

“இன்னாங்க இது, போட்டோ புடிக்கிறாங்களா?” என்று அத்தை முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

ஒருவழியாக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அந்த வெளிச்சத்தில் எங்கள் வீட்டை நானே முதல் தடவையாகப் பார்த்தேன். காலண்டர் மாட்டி மறைத்திருந்த சுவர் ஓதம் காலண்டரைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. ஃபேன் இறக்கை மூன்றிலும் அழுக்கு அப்பிக் கிடந்தது. எல்லாவற்றையும் சுற்றிவந்த அத்தையின் பார்வை கடைசியில் என் முகத்துக்கு வந்தது.

“தம்பி, நெத்தியில கருப்பா இன்னமோ ஒட்டிகினு இருக்குது பாருங்க.”

ஹேர் டை. அன்று காலையில்தான் அடித்திருந்தேன். துடைக்கத் துடைக்க அது காதுவரை பரவியது.

அதோடு விட்டதா? மழை விட்டுக் கிளம்பிய ஈசல், எங்கள் பிளாக்கில் வேறு வீடே இல்லாததுபோல, மொத்தமும் உள்ளே வந்துவிட்டது. அத்தையின் கொண்டையில் நாலு, அப்பாவின் வேட்டியில் பத்து, கேசரியில் எண்ண முடியவில்லை (முந்திரி என்று நானே ஒன்றை எடுக்கப் போனேன்). “மொதல்ல அந்த லைட்ட அமுத்துங்க தம்பி” என்றார் அப்பா, எழுந்து வேட்டியை உதறிக்கொண்டே. எல்லாவற்றையும் அணைத்தேன். கும்மிருட்டு. கலைவாணி போயாச்சு என்று அந்த இருட்டில் நின்று முடிவுகட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கேசரி போனால் போகட்டும், மோராவது கொடுப்போம் என்று அம்மா தடவிக்கொண்டே போய் ஹாலில் இருந்த ஃப்ரிட்ஜைத் திறந்தாள். மெத்தென்று ஒரு வெளிச்சம் வந்தது. கண் கூசவில்லை, எல்லார் முகமும் தெரிந்தது.

“இதாங்க வெளிச்சம். மூடாதீங்க, அப்பிடியே இருக்கட்டும்” என்றார் கலைவாணியின் அப்பா.

நால்வரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, டிவி பார்ப்பதுபோல ஃப்ரிட்ஜைப் பார்த்து உட்கார்ந்தோம். பொங்கி வழிந்த தோசை மாவு, முந்தாநாள் சாம்பார், பாதி எலுமிச்சம்பழம் எல்லாம் எதிரே காட்சி கொடுத்தன. கதவில், முட்டைக்குப் பக்கத்தில், அம்மாவின் இன்சுலின். அம்மா அதைக் கவனித்துக் கையை நீட்டுவதற்குள் அத்தை கேட்டுவிட்டார்.

“அது இன்னா, ஊசி மருந்தா? யாருக்கு?”

அம்மா என்னைப் பார்த்தாள். “எனக்குத்தாங்க” என்றாள். “ஆறு வருஷமா போட்டுக்கறேன். மறைக்கணும்னு இல்ல. சொல்ல பயமா இருந்துச்சு.”

கலைவாணியின் அப்பா எழுந்துபோய், குனிந்து, மருந்தின் பெயரைப் படித்தார். “எத்தினி யூனிட்டு?”

“காலைல இருபது, ராத்திரி பன்னெண்டு.”

“எனக்கு இருவத்திரெண்டு, பதினாலு” என்றார் அவர். “இத்த ஒங்ககிட்ட மூச்சு வுடக்கூடாதுன்னு தரகரு சொல்லி அனுப்புனாரு.”

“எங்ககிட்டயும் அதேதாங்க சொன்னாரு” என்றாள் அம்மா. அத்தைதான் முதலில் சிரித்தார்.

அப்புறம் அரை மணி நேரம் தொடையில் போடுவது நல்லதா வயிற்றில் போடுவது நல்லதா, கேப்பங்களி ஆகுமா ஆகாதா என்றே பேச்சு ஓடியது. என்னிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கிளம்பும்போது அத்தை மட்டும் திரும்பி, “நெத்தியத் தேங்காண்ண போட்டுத் தொடைங்க தம்பி. நிச்சயத்துக்கும் அப்பிடியே வந்து நிக்கப் போறீங்க” என்றார். அவர்கள் தெரு திரும்பும்வரை காத்திருந்துவிட்டு அம்மா அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

கலைவாணி வந்த முதல் வாரமே ஹாலுக்குப் பன்னிரண்டு, ரூமுக்கும் கிச்சனுக்கும் ஒன்பது, வாசலுக்கு ஏழு என்று மாற்றிவிட்டாள். என் அறுபதில் ஒன்று மாமனாரின் நெற்களத்தில் தொங்குகிறது. அங்கே அது பொருத்தமாகத்தான் இருக்கிறது. கம்மாபுரத்தில் என் பெயர் ‘அறுவது வாட் மாப்ள’. மாமனாரும் அம்மாவும் தினமும் காலையில் போனில் சுகர் எவ்வளவு என்று கிரிக்கெட் ஸ்கோர்போலச் சொல்லிக்கொள்கிறார்கள்.

போன மாதம் கலைவாணியின் சித்தப்பா மகளுக்காக வடக்குத்து ஊரில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போயிருந்தோம். புது வீடு. சீலிங் முழுக்கக் குட்டிக் குட்டி லைட். நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்து மெச்சிக்கொண்டிருந்தோம். அத்தை மட்டும் விறுவிறுவென்று சமையலறைக்குள் போய், மாப்பிள்ளையின் அம்மாவிடம், “தப்பா நெனைச்சிக்காதீங்க, எங்க வூட்டு வழக்கம்” என்று சொல்லிவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தார்.