மௌனத்தின் அறம்

அறத்தை ஆராய்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அறம் செய்கிறவர்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. வீடு தீப்பற்றினால் நம் ஆராய்ச்சியாளர் வாளியைத் தூக்க மாட்டார். பக்கத்து வீட்டுக் கிணற்றில் கேட்காமல் இறைப்பது களவாகுமா என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

மலாயாவில் கோலா பிலா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாத்தியாராக இருந்த திருநாவுக்கரசு இந்த இனத்தில் முதல் தரம். மதராசில் நீதி சாஸ்திரம் படித்துப் பட்டம் வாங்கியவர். ஜப்பான்காரன் வந்து, அரிசி மறைந்து, சனங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று சாக்குத் துணியை உடுத்த ஆரம்பித்தபோது அவருடைய ஆராய்ச்சி செழித்தது. பசித்தவன் தோட்டத்துக் கிழங்கைப் பிடுங்கினால் திருட்டா? இருபது பக்கம். பிடுங்கியவன் கொடுத்ததை வாங்கித் தின்றால்? எட்டே பக்கம். தின்றுகொண்டே எழுதியது.

கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி ஓடிப்போயிருந்ததால், சயாமில் ஜப்பான்காரன் போடும் ரயில் பாதைக்கு முப்பது ஆட்களின் பெயர் எழுதும் வேலை வாத்தியார் தலையில் விழுந்தது. முன்பு போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை என்பது கூலிகள் குடியிருந்த லயத்தில் எல்லோருக்கும் தெரியும். பட்டியலில் பால்மரம் வெட்டும் முருகையாவின் பெயர் இருந்தது. அவன் மனைவி ராக்கம்மா ஓடிவந்தாள்.

“ஐயா, காய்ச்சல்ல கெடந்து இப்பதான் எந்திரிச்சு நடக்குறாரு. அந்தப் பேர மட்டும் அடிச்சிருங்கய்யா.”

“அடிக்கலாம் ராக்கம்மா. ஆனா அந்த எடத்துல இன்னொருத்தன் பேர எழுதணுமே. அது நியாயமா?”

“அப்ப உங்க பேர எழுதுங்க.”

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதத் தனியா ஆராயணும்” என்றார்.

மறுநாள் காலை, தோட்டத்து ஆட்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டார்கள். லாரி காத்திருந்தது. முருகையாவின் பெயர் வந்ததும் ராக்கம்மா முன்னால் வந்து நின்றாள். கழுத்தில் தாலி இல்லை.

“செத்துட்டாருங்க. காய்ச்சல்.”

செத்தவன் அப்போது தோட்டத்து எல்லைக் காட்டில் ஒரு பள்ளத்தில் படுத்திருந்தான். ஜப்பானிய அதிகாரி வாத்தியார் பக்கம் திரும்பினான். மொழிபெயர்ப்பாளன் கேட்டான்: “நெசமா?”

இதற்கு ஒரு தலையசைப்பு போதாதா? உங்களுக்கும் எனக்கும் போதும். வாத்தியாருக்கோ பொய் எந்நிலையிலும் பாவம் என்ற கட்சியும், உயிர் காக்கும் பொய் மெய்யைவிட மேல் என்ற கட்சியும், கொடியவனுக்கு மெய் சொல்லக் கடமையே இல்லை என்ற கட்சியும் ஒரே நேரத்தில் தொண்டையில் வந்து முட்டின. வாய் திறந்தது. மூடியது. பயத்தில் கண்ணீர் வழிந்தது. துக்கம் என்று நினைத்த அதிகாரி முருகையாவின் பெயரை அடித்தான்.

ஆள் ஒன்று குறைந்தது. பட்டியலில் இல்லாமல் வரிசையில் நின்ற சந்தியாகுவின் சட்டையைப் பிடித்து இழுத்து லாரியில் ஏற்றினார்கள். அவன் மனைவி மார்த்தா தார்ச்சாலை வரைக்கும் பின்னாலேயே ஓடினாள்.

சண்டை முடிந்தது. சந்தியாகு வரவில்லை. வாத்தியார் ‘மௌனத்தின் அறம்’ என்று ஒரு புத்தகம் போட்டார். சிரம்பானில் பாராட்டுக் கூட்டம். “நான் ஒரு சொல்லும் பேசாமல் ஓர் உயிரைக் காத்தேன்!” என்றார். பின்வரிசையிலிருந்து மார்த்தா எழுந்தாள்.

“அப்ப எம் புருஷன் உசுரு?”

வாத்தியார் பேசாமல் நின்றார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். தம் கொள்கையைச் செய்தே காட்டுகிறார் என்று கூட்டம் கை தட்டியது. மார்த்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

நீங்களும் கொஞ்ச நேரமாக ஒன்றும் பேசவில்லை, கவனித்தேன். ராக்கம்மா செய்தது சரியா, சந்தியாகு போனது யார் குற்றம் என்று நிறுத்துப் பார்க்கிறீர்கள், இல்லையா? நல்ல கேள்விகள். நிதானமாக யோசியுங்கள். சௌகரியமாக உட்கார்ந்துதானே இருக்கிறீர்கள்?