அகழி எந்தப் பக்கம்?

வேகவைத்த மல்லாட்டை வாசனை. (மற்ற ஊர்க்காரர்களுக்கு வேர்க்கடலை.) உப்பும் ஈரமண்ணும் ஆவியும் கலந்த அந்த வாசனை எந்தத் தெருமுனையில் எழுந்தாலும், இந்த வயதிலும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். யாரோ என்னை விசாரிக்கப்போகிறார்கள்.

எண்பதுகளில் நான் ஒரு நாட்டைப் பராமரித்து வந்தேன். மேகவதி என்று பெயர். வாரப் பத்திரிகையில் படக்கதையாகப் பிறந்து, வானொலி நாடகமாகி, மேடையேறி, கடைசியில் பிஸ்கட் பொட்டலத்திலும் ஒட்டிக்கொண்ட நாடு. படக்கதையில் செத்த தளபதி வானொலியில் இருமக்கூடாது. மேடையில் கிழக்கே ஓடும் ஆறு பொட்டலத்தில் மேற்கே திரும்பக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. (வேலை என்று அம்மா மட்டும்தான் சொன்னாள்.)

இந்த லட்சணத்தில் திருவண்ணாமலைக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் அப்பா மல்லாட்டை மண்டிக்காரர். காயைக் காதருகே குலுக்கியே உள்ளே பருப்பு இருக்கிறதா, பொக்கா என்று சொல்லிவிடுவாராம். மனிதர்களையும் அப்படித்தான் என்று தரகர் எச்சரித்திருந்தார். அதனால் எங்கள் ஊரான கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறியதுமே தாய்மாமனுக்குப் பாடம் நடத்தினேன். முதலில் எங்கள் குடும்பம்: நிலம், கிணறு, 'வேலை நிரந்தரம்' என்ற ஒரே ஒரு பொய். பிறகு மேகவதி, பையன் என்ன எழுதுகிறான் என்று கேட்டால் சொல்ல வேண்டுமே. மாமா கண்மூடித் தலையாட்டினார். அது தூக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெண் வந்து வேகவைத்த மல்லாட்டைத் தட்டை வைத்தாள். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். என் நாட்டின் ராணிகள் அத்தனை பேரும் அந்த நொடியே ராஜினாமா செய்தார்கள்.

மண்டிக்காரர் ஒரு காயை உடைத்தார். "வேலை எப்பிடி தம்பி?"

"நிரந்தரம்ங்க. நானே விட்டாலும் ஆபீசு என்னை விடாது."

மாட்டைக் காட்டுவதாக மாமாவைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனவர், திரும்பி வந்து என்னையே பார்த்தார்.

"உங்க மாமனும் அதயேதான் சொல்றாரு, எழுத்து மாறாம. கல்யாணம் ஆனது எந்த வருஷம்ங்கறதுலயே எனக்கும் என் பொண்டாட்டிக்கும் ஒத்துமை கெடையாது. நீங்க ரெண்டு பேரும் இன்னா, ரேடியோ மாதிரி ஒப்பிக்கிறீங்க?"

முரண் வராமல் பார்ப்பது என் தொழில். அன்று அதுவே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

அவர் மாமாவிடம் திரும்பினார். "கெணத்துல தண்ணி எப்பிடி?"

"ஜாஸ்திங்க. அகழியிலயும் ஜாஸ்தி."

"அகழியா?"

"வூட்ட சுத்தி. கெழக்கால மட்டும் பாலம்."

நான் மாமாவின் காலை மிதித்தேன். இன்னும் சொல் என்று அவர் புரிந்துகொண்டார்.

"மொதலைதான் இப்ப கம்மிங்க."

"அது கதைங்க!" என்று கத்தினேன். "நான் எழுதுற நாடு!"

"நாடு கதை, சரி. வேலை?"

"கதைக்கு இவ்ளோன்னு குடுப்பாங்க," என்றேன். "நிரந்தரம் இல்லீங்க."

அவர் மடியில் கிடந்த தோலை உதறிக்கொண்டு எழுந்தார். எழுந்தால் முடிந்தது என்று அர்த்தம். அப்போது உள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"ஏம்ப்பா, நல்லா பொய் சொல்லத் தெரிஞ்சவனா பாத்துத்தான் குடுப்பியா?"

அவர் உள்கதவைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

அந்தக் குரலோடுதான் இத்தனை வருடமாகக் குடித்தனம். நான் தாமதமாக வந்து காரணம் சொல்லத் தொடங்கினால் போதும், "அகழி எந்தப் பக்கம்?" என்பாள். இப்போது மகளும் கேட்கிறாள்.

அன்று மாலை மண்டிக்காரரே பஸ் ஸ்டாண்டுவரை வந்தார். (மரியாதைக்கா, நாங்கள் நிஜமாகவே கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில்தான் ஏறுகிறோமா என்று பார்க்கவா, தெரியாது.) பஸ் உறுமியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்:

"வூடு பாக்க வரேன் தம்பி. என்னிக்குனு மட்டும் சொல்ல மாட்டேன்."