முழுத் திருப்தித் தையல்காரர்

முழுத் திருப்தியாளர் என்று ஓர் இனம் உண்டு. வெளிநாட்டு உதவியில் உங்கள் தெருவுக்குக் குடிநீர்த் திட்டம் ஏதாவது வந்து, அதை மக்களே கண்காணித்து மதிப்பிட வேண்டும் என்று குழு போட்டார்களானால், முன்வரிசையில் துவைத்த சட்டையும், திட்டத்துக்காரர்கள் கொடுத்த பேனாவும், எதைக் கேட்டாலும் ஆடத் தயாரான தலையுமாக உட்கார்ந்திருப்பார். டீக்கடையில் மோட்டார் மட்டம், குழாய் மட்டம், போட்டவன் மட்டம் என்பார். திட்டத்தைப் பார்க்க விருந்தாளி காரைவிட்டு இறங்கினால் எல்லாம் பிரமாதம்!

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். குழாய் பதிக்கக் குழி தோண்டப் போனவன், குழாய்க் கடையே வைத்து மாடிவீடு கட்டினேன். எங்கள் ஊருக்கும் அப்படியொரு திட்டம் வந்தபோது, இந்தச் சுண்டைக்காய் மோட்டாரால் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது என்று முதல் நாளே சொன்னேன். படித்தவர்கள் கேட்பார்களா?

எங்கள் குழுவின் முழுத் திருப்தியாளர் ஒரு தையல்காரர். அவர் வீடு பள்ளத்தில். குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். அவருடைய அக்கா வீடு மேட்டில். திறந்தால் காற்று வரும். மேட்டுக்குப் பெரிய மோட்டார் தேவையா என்று முடிவு செய்யக் கூட்டம் கூடியது. திட்டத்திலிருந்து வந்திருந்த அம்மையார் சுவரில் ஒரு சிரித்த முகமும் ஓர் அழுத முகமும் மாட்டி, ஆளுக்கொரு ஒட்டுப்பொட்டு கொடுத்து, மனத்தில் பட்டதில் ஒட்டச் சொன்னார்.

அக்கா எழுந்தார்.

"எங்க போற, அக்கா?" என்றார் தையல்காரர்.

"அழுமூஞ்சிக்குத்தான். தண்ணி வரலல்ல?"

"அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காங்க, அழுமூஞ்சியக் காட்டி அனுப்புவியா? குடு இங்க."

"டேய், அது என் பொட்டுடா!"

"நான் வேற, நீ வேறயா?"

இரண்டையும் சிரிப்பில் ஒட்டினார். குழு உறுப்பினரே ஒட்டும்போது நமக்கென்ன என்று மேட்டுத் தெரு முழுக்க அவர் பின்னால் போனது. அழுமூஞ்சியில் ஒரே பொட்டு. யாருடையது? என்னுடையதுதான், வேறு யாருக்கு அந்தத் தைரியம்?

திட்டம் வெற்றி, மேட்டுக்கு வேறு மோட்டார் தேவையில்லை என்று அறிக்கை வந்தது.

இப்போது விடிந்தால் மேட்டுத் தெருக் குடங்கள் அத்தனையும் தையல்காரர் வாசலில். அவர் வீட்டு முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிடுகிறது.

"நாம எப்பத்தாங்க குளிக்கிறது?" என்றாள் மனைவி.

"இன்னிக்கு முகத்துக்கு நேராச் சொல்லிடறேன், பாரு."

சவரத்துக்குப் போட்ட சோப்போடு வெளியே போனார். தொண்டையைக் கனைத்தார். வரிசையில் முதல் ஆளாக அக்கா.

"என்னடா, எங்களால தொந்தரவா?"

"சேச்சே! தாராளமாப் புடிச்சுக்கக்கா. இன்னும் ரெண்டு குடம் கொண்டாந்திருக்கலாமே!"

கழுவத் தண்ணீரில்லாமல், கன்னத்தில் காய்ந்த சோப்போடு கடைக்குப் போனார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் முடிவெட்டுகிறவர் பின்னால் கண்ணாடியைப் பிடித்து, "எப்படி இருக்கு சார்?" என்று கேட்டாரே, அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? வீட்டுக்கு வந்து எத்தனை நாள் தொப்பி போட்டீர்கள்?