போர்டிகோவில் சக்கரமில்லாமல் நிற்கும் உங்கள் மகனின் கார்

இயேசு மரி சூசை

பாரிவாக்கம்,
வியாழக்கிழமை காலை.

மதிப்புக்குரிய சம்பந்தி ரவிச்சந்திரன் அவர்களுக்கு, பாஸ்கல் கைகூப்பி எழுதிக்கொள்வது. தூத்துக்குடியில் தாங்களும் சம்பந்தியம்மா ஆக்னஸும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள். இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்கு எழுதிவிட்டேன், உண்மையை இனிமேல் எழுதுகிறேன். போனில் பேசினால் என் குரல் ஏறும், சம்பந்திகளுக்குள் குரல் ஏறக் கூடாது என்று என் வீட்டுக்காரி ஞானகுமாரி கண்டித்துச் சொல்லிவிட்டாள். அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

என் மகள் ரெனிதாவுக்கு டாக்டர் சொன்ன தேதி வருகிற திங்கள். தலைப்பிரசவம், தாய் வீட்டில் பார்ப்பது எங்கள் கடமை, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் மகன் மேக்ஸ்வெல், அதாவது எங்கள் மாப்பிள்ளை, மனைவியோடு கூடவே இருக்கிறேன் என்று லேப்டாப்பும் மஞ்சள் காருமாக ஒரு மாதத்துக்கு முன்பே வந்து இறங்கினார். பிரசவ நேரத்தில் வாசலில் இரண்டு கார், இனி என்ன கவலை என்று பங்குச் சாமியாரிடம்கூடப் பெருமையடித்தேன். இன்றைய நிலவரம் கேளுங்கள். என் கார் போர்டிகோவுக்குள். மாப்பிள்ளை கார் அதற்கு முன்னால், கேட்டை ஒட்டி. மாப்பிள்ளை காருக்குச் சக்கரம் இல்லை. ஒன்றுகூட இல்லை. நான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நிற்கிறது. அது நகராமல் என் கார் வெளியே வராது. நிறைமாதக் கர்ப்பிணியை வீட்டில் வைத்துக்கொண்டு, இரண்டு காரையும் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆரம்பம் எப்படி என்றால், மூன்று வாரத்துக்கு முன் இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகள் வந்தன. தொட்டில் வந்திருக்கிறது என்று ஞானகுமாரி ஓடிப்போய்ப் பிரித்தாள். உள்ளே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு பிரேக்கின் இரும்புத் தட்டுகள், சிவப்புப் பெயின்ட் அடித்த பிரேக் பிடிகள், திருகித் திருகி வண்டியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் சாக் அப்சார்பர்கள். எதற்கு மாப்பிள்ளை என்றேன். "ஆறு செகண்டுல நூறு தொடுற வண்டி மாமா. ஓடுற வேகத்துக்கு நிக்கவும் செய்யணும்லா" என்றார். நூறு எங்கே தொடுகிறது? பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப்போட்ட எங்கள் தெருவில் எருமைகூட யோசித்துத்தான் கால் வைக்கிறது. வேலப்பன்சாவடியில் ஒரு நல்ல ஒர்க்‌ஷாப் இருக்கிறது, அங்கே விடுங்கள் என்றேன். "நம்ம கையால செஞ்சாத்தான் மாமா வண்டிய பத்தித் தெரியும்" என்று சொல்லிவிட்டு, போனில் ஒரு வெள்ளைக்காரன் வீடியோவை ஓடவிட்டுக்கொண்டு காருக்கு அடியில் படுத்துவிட்டார். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் பிரேக்கும் சஸ்பென்ஷனும் பரிசோதித்தவன் நான். நான் கையெழுத்துப் போடாமல் நாற்பது டன் டாங்கி கேட்டைத் தாண்டாது. அந்த மனிதன் பக்கத்தில் நிற்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, வீடியோவைக் கேட்கிறார்!

முதல் சனிக்கிழமை பழைய ஸ்பிரிங்கைக் கழற்றினார். அழுத்திப் பிடிக்கும் கொக்கியை ஒரு பக்கம் சரியாக மாட்டவில்லை. பார்த்துச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஸ்பிரிங் துள்ளிப் போய் கேட்டில் மோதி, தெருவே அதிரும்படி ஒரு சத்தம். அடுத்த வீட்டு ஆட்டோ டிரைவர் பாபு சுவருக்கு மேல் தலையை நீட்டி, "இன்னா சார், ஊட்ல குண்டு கிண்டு செஞ்சிகினு கீறீங்களா? மில்ட்ரி வேலய வுட்டு வந்தப்பறமும் பயக்கம் போவலியா?" என்றான். என்னைத்தான் கேட்டான் சம்பந்தி. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு ஸ்பிரிங் என் கையை விட்டுத் துள்ளியதில்லை. மாப்பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை, அந்தோணியாருக்கு நன்றி. கேட் மட்டும் கோணிவிட்டது, இப்போது தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கிறது.

அடுத்து பிரேக் குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே திருகைத் திறந்து மூட வேண்டும். உள்ளே உட்கார்ந்தது நான். கீழே மாப்பிள்ளை, காதில் ஆபீஸ் மீட்டிங். "அழுத்துங்க மாமா, புடிங்க" என்றார். பிடித்தேன். "சரி, விட்ருங்க" என்றார். விட்டேன். "ஐயோ மாமா, உங்கள இல்ல, பெங்களூர்காரன சொன்னேன்!" காற்று மறுபடி உள்ளே போய்விட்டது. முதலிலிருந்து. இப்படி எட்டுத் தடவை. என் முழங்கால் எனக்கு மட்டும்தான் தெரியும். வடிந்த எண்ணெயைப் பிடிக்க ஞானகுமாரியின் எவர்சில்வர் சொம்பை எடுத்திருக்கிறார். அது அவளுடைய அம்மா வீட்டுச் சீர் சொம்பு. அவள் மாப்பிள்ளையிடம் சிரித்துக்கொண்டே "பரவால்ல தம்பி" என்றாள். உள்ளே வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்தது, சக்கரத்தை மாட்டலாம் என்று தூக்கினால், சக்கரம் ஏறவில்லை. புதிய பிரேக் பெரிது, பழைய சக்கரம் சிறிது. வாங்குவதற்கு முன் அளந்து பார்த்தீர்களா என்றேன். "வீடியோல ஏறிச்சு மாமா" என்றார். ஒரு எஞ்சினியர் சொல்கிற பதிலா இது? பெரிய சக்கரம் புனேயிலிருந்து வர வேண்டுமாம். நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பன்னிரண்டு நாளாகிறது. சரி, பழைய பிரேக்கையே திரும்ப மாட்டுங்கள் என்றேன். நல்ல யோசனை என்று அவரும் எழுந்தார். தேடினால் பழைய பிரேக் தட்டுகள் இல்லை. இங்கே ஒரு உண்மையை மறைக்காமல் எழுதுகிறேன். காயலான் கடை உத்தமன் தள்ளுவண்டியோடு வந்தபோது, போர்டிகோவில் கிடந்த துருப்பிடித்த இரும்புகளைப் போட்டுவிட்டு, குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கியிருக்கிறோம். போட்டது ஞானகுமாரி. தூக்கிக் கொடுத்தது நான். ஆனால் கேட்கிறேன், பத்திரமாக வைக்க வேண்டிய சாமானைச் செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் வைத்தது யார்?

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நேற்று மத்தியானம் ரெனிதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அப்பா, வலிக்குதுப்பா" என்றாள். நான் கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடி எங்கே போவது? மஞ்சள் காரின் பின்பக்கத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றேன். செயலியில் வாடகைக் கார் கூப்பிட்டால், எங்கே போகணும் என்று கேட்டுவிட்டு மூன்று பேர் ரத்து செய்தார்கள். கடைசியில் பாபுவின் ஆட்டோ. ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் மகள் என் கையை நசுக்கினாள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆத்திரத்தில்தான். மாப்பிள்ளை டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்கியபடி வந்தார். பொய் வலி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து இறங்கியதும் பாபு, "சார், வெள்ளிக்கெயம நான் இல்ல. மச்சினிச்சிக்கு கல்யாணம், ஆரணி போறேன். அதுக்குள்ள எதனா ஏற்பாடு பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டான். அப்போது மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? காருக்கு அடியில் எட்டிப் பார்த்து, "வண்டிய ஒரு எம்.எம். எறக்கினா இன்னும் நல்லா இருக்கும்" என்றார். என் மகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது?

ஆகவே சம்பந்தி, மரியாதையோடு, ஆனால் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமைக்குள் தாங்கள் நேரில் வந்து, ஒரு லாரி வைத்து அந்த மஞ்சள் வண்டியைத் தூத்துக்குடிக்கு ஏற்றிச் செல்ல வேண்டும். வாங்கிய சாமான்களைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி மகனுக்குப் புத்தி சொல்ல வேண்டும். இனி என் போர்டிகோவில் ஒரு ஸ்பேனர் சத்தம் கேட்கக் கூடாது. சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பு. ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள், வண்டியையும்.

தங்கள் அன்புள்ள,
பாஸ்கல்

பி.கு. — இன்று சனிக்கிழமை. இந்தக் கடிதம் இரண்டு நாளாக என் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. வியாழன் சாயங்காலம் சக்கரம் வந்து சேர்ந்தது, மாட்டினார். வெள்ளி காலை பத்து மணிக்கு ரெனிதாவுக்கு வலி வந்தது. அந்த வண்டியைத் தெருவில் விடுங்கள், என் காரில்தான் என் மகள் போவாள் என்று கத்தினேன். மூன்று வாரமாக ஓடாததில் என் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. வேறு வழியில்லாமல், மாப்பிள்ளை ஓட்ட, மஞ்சள் காரில் ஏறினோம்.

பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், தண்ணீர் லாரி ஒன்று எதிர்த்திசையில் நேராக எங்கள் மேலே வந்தது. அந்த டிரைவர் போன் பேசிக்கொண்டிருந்தான், படுபாவி. நான் மாதாவே என்று கண்ணை மூடிவிட்டேன். கண்ணைத் திறந்தால் லாரியின் பம்பர் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. வண்டி கோணவில்லை, வழுக்கவில்லை, ஆணி அடித்த மாதிரி நின்றிருக்கிறது. ரெனிதா மேல் ஒரு சீட் பெல்ட் இறுகியதைத் தவிர ஒன்றும் இல்லை. பனிக்குடம் அங்கேயே உடைந்துவிட்டது. மதியம் இரண்டு மணிக்குப் பெண் குழந்தை, மூன்று கிலோ, சுகப்பிரசவம். தாயும் சேயும் நலம். இந்த முறை நலம் என்று மெய்யாகவே எழுதுகிறேன்.

இனி எழுதப்போவது ஞானகுமாரிக்குக்கூடத் தெரியாது. என் காரில் பிரேக்கை மூன்று தரம் மிதித்தால்தான் பிடிக்கும். இரண்டு வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறேன். பார்த்துக்கொள்ளலாம், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன், முப்பத்தொரு வருஷம் பிரேக் பரிசோதித்த நான். நேற்று அது ஸ்டார்ட் ஆகியிருந்தால் உங்களுக்குப் பேத்தியும் இல்லை, சம்பந்தியும் இல்லை. ராத்திரி முழுவதும் தூக்கமில்லை. கோபம் இன்னும் தீரவில்லை சம்பந்தி, ஆள்தான் மாறிவிட்டது.

எனவே மேலே எழுதியதில் லாரி கொண்டுவரச் சொன்ன இடத்தை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பேத்தியைப் பார்க்க அவசியம் வாருங்கள். ஆனால் எழும்பூர் ஸ்டேஷனுக்கு உங்களை அழைக்க நாங்கள் வர முடியாது. காலையிலிருந்து என் கார் ஸ்டாண்டின் மேல் நிற்கிறது, நான்கு சக்கரமும் கழற்றியாகிவிட்டது. மாப்பிள்ளை அடியில் படுத்திருக்கிறார், நான் மிதித்துக்கொண்டிருக்கிறேன். ஞானகுமாரி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.