லேக்வியூ மறைத்த ஏரி

கொல்லிமலையில் எந்த மூலையில் கொண்டுபோய் நிறுத்தினாலும் அங்கிருந்து ஏரியைக் காட்டிவிடக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். நில புரோக்கர். மலையடிவாரக் காரவள்ளியில் டீ ஆற்றுகிறவர் முதல் மலை பஸ் கண்டக்டர் வரை எல்லோருக்கும் அவர் 'லேக்வியூ'. உச்சி வெயிலிலும் குரங்குக் குல்லா போட்டிருப்பார். கேட்டால், "குளிரு சொல்லிட்டா வருதுங்க?" என்பார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், மலைமேல் ஏரிக்குப் பக்கத்தில் தோட்டத்தோடு ஒரு வீடு வாங்குவதென்று முடிவு செய்தோம். முடிவு செய்தது என் மனைவி மாலதி. எனக்குத் தகவல் வந்தது. சேலத்தில் எங்கள் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் பல் தேய்ப்பது மட்டும்தான் தெரியும். இனிமேல் காலையில் கண் விழித்தால் தண்ணீர் தெரிய வேண்டும் என்பது அவளுடைய ஒரே நிபந்தனை.

காலையில் சாப்பிட்டதையெல்லாம் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு நான் மாலதியோடு மேலே போய்ச் சேர்ந்தபோது, லேக்வியூ மொபெட்டோடு தயாராக நின்றார். முதலில் எங்கள் இருவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, மலைமேலேயே இருக்கும் குண்டூர் நாட்டுப் பக்கம் ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனார். நாலாபக்கமும் மரவள்ளிக்கிழங்குக் காடு.

"ஏரி எங்கங்க?" என்றாள் மாலதி.

"இதா, இந்தப் பலா மரத்துல ஏறுனா பளிச்சுனு தெரியுமுங்க."

இப்படிச் சொன்னால் யாரும் ஏற மாட்டார்கள் என்பது அவருடைய தொழில் அனுபவம். மாலதி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள் என்பது பாவம் அவருக்குத் தெரியாது. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிட்டாள். குல்லாவுக்குள் லேக்வியூவின் முகம் சுருங்கியது.

"நீலமா என்னமோ தெரியுது!" என்று உச்சியிலிருந்து குரல் வந்தது.

"பாத்தீங்களா சார்!"

"தண்ணி இல்லீங்க, தார்ப்பாய். யாரோ மாட்டுக் கொட்டாய் மேல போட்டிருக்காங்க."

"மழை பேஞ்சா அதுலயும் தண்ணி நிக்குமுங்க அம்மணி," என்றார் கொஞ்சமும் கூசாமல்.

அடுத்த வீட்டில் ஜன்னலுக்கு வெளியே, பஸ் டிரைவர் பக்கத்தில் இருக்குமே, அந்தக் கண்ணாடியை ஆணி அடித்து மாட்டியிருந்தார். "கட்டில்ல படுத்துட்டே பாக்கலாமுங்க சார்." படுத்தேன். கண்ணாடியில் ஓர் எருமை தெரிந்தது. அதுவும் என்னைப் பார்த்தது.

"எருமை நகந்துச்சுன்னா ஏரிங்க."

காத்திருந்தோம். எருமை நகர்ந்தது. அதற்குப் பின்னால் இன்னோர் எருமை நின்றது.

திரும்பும் வழியில் மொபெட் நின்றுவிட்டது. அவர் அதை உதைத்துக்கொண்டிருக்க, மாலதி மிளகுக் கொடிகளுக்கு நடுவே ஒரு தடத்தில் இறங்கிப் போனவள், கொஞ்ச நேரத்தில், "ஏங்க, ஓடி வாங்க!" என்று கத்தினாள்.

சரிவில் தோட்டம். காப்பிச் செடி, பலா, ஆரஞ்சு. நடுவே ஓட்டு வீடு. அதற்குக் கீழே, மரம் ஏறாமல், கண்ணாடி மாட்டாமல், முழுசாக ஏரி. வீட்டுச் சுவரில் 'விற்பனைக்கு' என்று எழுதி, அதன்மேல் சாணி பூசியிருந்தது.

லேக்வியூ மூச்சிரைக்க ஓடி வந்தார். "அம்மணி, இது வேண்டாமுங்க!"

"ஏன்?"

"காத்துங்க. ஆளையே தூக்கிட்டுப் போயிரும். அட்டைங்க. கரடி வேற வந்து சமையக்கட்டுல உக்காந்துக்குமுங்க."

"ஏரி தெரியுதே?"

ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றபடி அவர் கேட்டார்: "எந்த ஏரிங்க?"

கதவு திறந்தது. ஓர் அம்மாள் வெளியே வந்தார். "கரடி எதுக்கு வரோணும்? அதான் குல்லாப் போட்டுட்டு ஒண்ணு இங்கியே கெடக்குதே! நாந்தானுங்க இந்தக் கரடியோட சம்சாரம். ஊடு எங்களுதுதான். உள்ள வாங்க."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வீட்டை விற்றுவிட்டு ராசிபுரத்தில் மகளோடு போய் இருக்க வேண்டும் என்பது அந்த அம்மாளின் ஆசை. ஏரிக்கரையில் வீடு கேட்டு யார் வந்தாலும் பஸ் ஸ்டாண்டிலேயே மடக்கி, ஏரியே இல்லாத பக்கமாக ஓட்டிக்கொண்டு போவதற்காகவே இந்த மனுஷர் புரோக்கர் ஆகியிருக்கிறார்.

"நான் செவுத்துல எழுதறதும் இவரு சாணி பூசறதும், இதே பொழப்புங்க," என்றார் அம்மாள்.

லேக்வியூ குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தலை பூராவும் நரை. "வித்துப்போட்டு அங்க போயி நான் எதைங்க சார் பாக்கறது?" என்றார்.

மாலதி அந்த வீட்டை வாங்கத் துடிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் அந்த அம்மாளிடம்தான் திரும்பினாள். "கீழ போயி என்னங்க பண்ணுவீங்க?"

"பேசுவேனுங்க. இங்க பேச ஒரு ஆளு இல்ல. விடிஞ்சா இவரு வண்டியத் தூக்கிட்டுப் போயிடறாரு. நான் மிளகுக் கொடிகிட்டப் பேசிட்டுக் கெடக்கறேன்."

இரண்டு பெண்களும் சமையலறைக்குள் போனார்கள். பொழுது சாயும்வரை பேச்சு ஓயவில்லை. நாங்கள் இருவரும் தீர்ப்புக்குக் காத்திருக்கும் கைதிகள் மாதிரி வாசலில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் மாலதி வந்து சொன்னாள்: "இவங்க தோட்டத்துல மேல் பக்கமும் அங்க இருக்கற சின்ன வீடும் நமக்கு. இந்த வீட்டுல இவங்களே இருக்கட்டும்."

"அம்மணி பக்கத்துல இருந்தா நான் எதுக்குங்க ராசிபுரம் போறேன்?" என்றார் அந்த அம்மாள்.

லேக்வியூ கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நொடியே, "சார், மேல் ஊட்டுல இருந்து லேக்வியூ அருமையா இருக்குமுங்க!" என்றார்.

பொய். குடியேறிப் பார்த்தால், எங்கள் ஜன்னலிலிருந்து அவர் வீட்டின் தகரக் கொட்டகை மட்டும்தான் தெரிந்தது. மாலதி தினமும் அந்தத் தகரத்தைப் பார்த்தபடியே காப்பி குடித்தாள். ஒருநாள் காலையில் தடதடவென்று சத்தம். லேக்வியூ கொட்டகைமேல் ஏறித் தகரங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?" என்றேன்.

"சும்மாங்க. காத்து வரட்டும்னு."

மத்தியானம் எங்கள் ஜன்னலில் ஒரு கைக்குட்டை அளவுக்குத் தண்ணீர் மின்னியது.

போன மாதம் கண் ஆபரேஷனுக்காக அவரை ராசிபுரத்துக்குக் கூட்டிப் போனார்கள். அவர் திரும்பி வரும்வரை நானும் மாலதியும் காலையில் எழுந்ததும் ஏரிப் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் வரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.